கைமாற்றுப் புகழும் பொய்யாமைச் சீலமும்

பஞ்சசீலத்துள் நான்காவதாகிய பொய்யாமையை நாம் நாள்தோறும் ஏற்றுக்கொள்கிறோம். அவ்வாறு ஏற்கும்போது நம் நினைவில் தோன்றுவோர் யாவர்? வழக்குமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்பவன், வாங்கிய கடனை வாங்கவில்லையென்று சாதிப்பவன், தண்ணீர் கலந்த பாலைத் தனிப்பால் என்று விற்பவன் ஆகியோரே. நண்பன் ஒருவனைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை எழுதுவதும் அந்தச் சீலத்தின் எல்லைக்குள் வருமா என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்த்ததில்லை. பெங்களூரில் நம் இளைஞர் பலர் இந்நாளில் மேற்கொண்டுள்ள புதியதொரு ஜீவனம் அக்கேள்வியை எழுப்பியிருக்கின்றது. ஆதலின் இம்மாதப் பாடம் அதனைக் குறித்தே அமைகின்றது.

அந்த ஜீவனம் யாதெனில், எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியின் துணைகொண்டு படம் வரைதல், மொழிபெயர்த்தல், கணக்கு எழுதுதல், இணையதளம் அமைத்தல் முதலிய வேலைகளைத் துண்டு துண்டாக ஏற்றுச் செய்தலாகும். இவ்வாறு செய்வோரை ஃபிரீலான்சர் என்று வழங்குகின்றனர். நாம் தனித்தொழிலர் என்று கொள்வோம். அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்கள் இவர்களுக்குச் சந்தையாக விளங்குகின்றன. வேலை முடிந்தபின் அதைக் கொடுத்தவர் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்களும், சில வரிகளில் ஒரு மதிப்புரையும் இடுகின்றார். அடுத்து வருபவர் தொழிலரின் முகம் அறியார், ஊர் அறியார். அந்த நட்சத்திரங்களையே பார்த்து வேலையை ஒப்படைக்கின்றார்.

புதிதாக வருபவனுக்கு நட்சத்திரம் ஒன்றும் இல்லை. நட்சத்திரம் இல்லாததால் வேலை வருவதில்லை. வேலை வராததால் நட்சத்திரம் கிடைப்பதில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பது போன்ற நிலை இது. இதிலிருந்து மீள நம் இளைஞர் கண்ட வழியே இன்றைய ஆராய்ச்சிக்கு உரிய பொருள். அல்சூரில் ஒருவர், ஸ்ரீராமபுரத்தில் ஒருவர், இருவரும் புதியவர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் இரண்டாமவருக்குச் சிறு தொகைக்கு ஒரு வேலை கொடுத்ததாகத் தளத்தில் பதிகின்றார். பணம் பின்னர்க் கைக்குக் கை திரும்பிவிடுகின்றது. ஐந்து நட்சத்திரமும் புகழ்மொழியும் மட்டும் தளத்தில் நிலைக்கின்றன. மறுவாரம் இரண்டாமவர் முதலாமவருக்கு அவ்வண்ணமே செய்கின்றார். “நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்” என்பதே உடன்படிக்கை. இதற்கென்றே வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குழுக்கள் உண்டு.

இதைச் செய்வோர் கெட்டவரல்லர். அவர்கள் கேட்பதாவது: “எங்களுக்கு வேலை தெரியும். யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை. உள்ளே நுழைய ஒரு வாயில் வேண்டும். அதை நாங்களே திறந்துகொண்டோம். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மாமனும் சித்தப்பனும் கம்பெனிகளில் இருந்து சிபாரிசு செய்கின்றனர். எங்களுக்கு யார் இருக்கின்றனர்? நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் மட்டும் பாவமா?”

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. வாயில் அடைபட்டிருப்பது உண்மை. அமாண்டா பாலைஸ் என்னும் பொருளியல் அறிஞர், பிற்காலத்தில் அப்வொர்க் ஆக மாறிய ஓடெஸ்க் தளத்தில் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2014-இல் வெளியிட்டார். வேலைக்கு விண்ணப்பித்த 3,767 பேரிலிருந்து 952 பேரைக் குலுக்கல் முறையிலே தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் சுமார் 10 மணி நேரத் தட்டச்சு வேலை கொடுத்து, முடிவில் மதிப்புரையும் எழுதினார். அந்த ஒரு சிறு வேலையைப் பெற்றவர்களுக்குப் பின்னர் வேலைவாய்ப்பு கணிசமாகப் பெருகிற்று. வேகம், பிழையின்மை, காலந்தவறாமை ஆகியவற்றை விவரித்து எழுதிய மதிப்புரை இன்னும் அதிகமாக உதவிற்று. ஆகவே, புதியவன் விலக்கப்படுவது திறமையின்மையால் மட்டுமன்று. அவன் திறமையைக் கண்டவர் எவரும் இல்லாமையாலும் ஆகும். சாட்சி இல்லாதவனுடைய துயரம் மெய்யான துயரமே.

இத்துயரம் நம் குடும்பங்களுக்குப் புதிதுமன்று. பெங்களூர்த் தண்டு 1809-இல் ஆங்கிலேயரால் நிறுவப்பட்டபோது, பட்டாளத்தின் பின்னே தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோரில் நம் முன்னோரும் இருந்தனர். அவருள் பலர் துரைமார் பங்களாக்களில் பட்லராகவும், சமையற்காரராகவும், ஆயாவாகவும், குதிரைக்காரராகவும் ஜீவித்தனர். 1947-இல் தண்டுப் பகுதி மைசூர் சமஸ்தானத்திடம் திருப்பி ஒப்படைக்கப்படும்வரை அந்த ஜீவனம் தொடர்ந்தது. ஒரு துரை மாற்றலாகிச் செல்லும்போது தன் வேலைக்காரனுக்கு ஒரு நற்சாட்சிச் சீட்டு எழுதிக் கொடுப்பான். துரைமார் வழக்கில் அதற்குச் ‘சிட்’ என்று பெயர். அடுத்த பங்களாவின் வாயிலில் நிற்பவனிடம் முதலாவதாகக் கேட்கப்படுவது அச்சீட்டே. சீட்டில்லாதவன் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் வாயிற்படி ஏற முடியாது. அதனால் சீட்டுகள் எண்ணெய்க்கறை படியாமல் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் காப்பாற்றப்பட்டன. தந்தை சீட்டை மகன் காட்டினான்.

சீட்டுக்கு மதிப்பு ஏறவே, சீட்டுச் சந்தையும் தோன்றிற்று. இந்தியாவெங்கும் தண்டுப் பட்டணங்களில் சீட்டை இரவல் கொடுத்தனர், வாடகைக்கு விட்டனர், எழுதத் தெரிந்தவனிடம் காசு கொடுத்துப் புதிதாக எழுதிக்கொண்டவரும் உண்டு. அவ்வாறு செய்தவனை இகழ நமக்கு மனம் வாராது. அவன் பசித்தவன், அவனுக்கு அந்த மொழியை வாசிக்கவும் தெரியாது. வாசிக்கத் தெரியாததால், தன்னை வேலைக்கு வைக்காதே என்று எழுதிய கடிதத்தையே பெருமையாக நீட்டிய ஏழைகளைப் பற்றித் துரைமார் வேடிக்கைக் கதைகள் சொல்லிச் சிரித்ததும் உண்டு. (அச்சிரிப்பு யாருடைய சீலத்தைக் காட்டுகிறது என்பது வேறு பாடம்.) ஆனால் விளைவைக் காணவேண்டும். இரவல் சீட்டு பெருகியபின் துரைமார் எந்தச் சீட்டையும் முழுதாக நம்பவில்லை. இருபது ஆண்டு ஒழுங்காக உழைத்து உண்மையான சீட்டு வைத்திருந்த ஆயாவையும் அவர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தனர். சீட்டைத் தவிர வேறு ஆதரவு இல்லாதவளுக்கே அதன் மதிப்பிழப்பால் முதல் அடி விழுந்தது.

தம்மம் இதைப்பற்றி என்ன சொல்கின்றது? பொய் என்பதற்கு உரையாசிரியர்கள் நான்கு அங்கங்கள் வகுத்தனர். சொல்லப்படும் விஷயம் மெய்யன்மை ஒன்று. ஏமாற்றும் எண்ணம் ஒன்று. அதற்குரிய முயற்சி ஒன்று. கேட்பவர் அதைப் புரிந்துகொள்ளுதல் ஒன்று. அல்சூர் நண்பருடைய செய்கையை இந்நான்கிலும் வைத்துப் பாருங்கள். நடவாத வேலையை நடந்ததாக எழுதினார். வாசிப்பவர் அதை நடந்ததாகவே கொள்ளவேண்டும் என்று எண்ணினார். தட்டச்சு செய்து பதிந்தார். எங்கோ ஒரு கடைக்காரர் வாசித்து நம்பினார். நான்கு அங்கமும் நிறைந்தன. கேட்பவருக்கு நஷ்டம் நேர்ந்தாலொழியப் பொய்யாகாது என்று ஐந்தாவது அங்கம் ஒன்று எங்கும் சொல்லப்படவில்லை.

பிரமஜால சூத்திரத்தில் பகவான் விலக்கிய செயல்களுள் கள்ளத் தராசும், கள்ள நாணயமும், கள்ள அளவையும் சேர்த்து எண்ணப்பட்டுள்ளன. நட்சத்திரமும் ஓர் அளவையே. சந்தையில் ஒருவன் படியின் அடியைத் தட்டி உயர்த்தி வைத்தால், அவனிடம் அரிசி வாங்கினவர் மட்டும் ஏமாறுவதில்லை. நேர்மையான படி வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரனும் வியாபாரம் இழக்கின்றான். தளத்தில் அந்தப் பக்கத்துக் கடைக்காரன் யார்? கைமாற்று வாங்க மனமில்லாமல், நட்சத்திரமின்றி, இரவெல்லாம் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் மூன்றாவது புதியவன். அவன் நம் சங்கத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இனி, சற்று நுட்பமான இடத்திற்கு வருவோம். “நாங்கள் பொய் எழுதவில்லை. உண்மையாகவே ஒருவருக்கொருவர் வேலை செய்தோம், காசும் கொடுத்தோம், வேலையும் நன்றாகவே இருந்தது. ஆகையால் எழுதிக்கொண்டோம்” என்று ஒருவர் கூறலாம். இங்கே ஒவ்வொரு வார்த்தையும் மெய். குற்றம் எங்கே?

மஜ்ஜிம நிகாயத்து மகாசத்தாரீசக சூத்திரத்தில் தீய ஜீவனத்தின் வகைகளைக் கூறுமிடத்து, கடைசியாக ஒன்று வருகின்றது: லாபத்தைக் கொண்டு லாபத்தைத் தேடுதல். பழைய உரை இதனைப் பிக்குகளை வைத்தே விளக்குகின்றது. இங்கே பெற்றதை அங்கே கொடுத்து, அங்கே பெற்றதை இங்கே கொண்டுவந்து, கொடையையே வியாபாரமாக்கும் பிக்குவைப் பற்றியது அவ்விளக்கம். கொடுத்த பொருள் போலியன்று. கொடை என்ற பெயர்தான் போலி. மதிப்புரைக்கும் இது முற்றிலும் பொருந்துகின்றது என்பது எம் துணிபு. சாட்சி என்ற பெயரில் ஒரு பண்டமாற்று நடக்கின்றது. எதிரே இருப்பவர் என்னைப் பற்றி எழுதப்போகின்றார் என்ற நினைவோடு நான் எழுதும்போது, அவர் வேலையில் குறை இருந்தால் அதை எழுதும் சுதந்திரம் என் கைக்கு இல்லை. இவ்வேளை குறை இல்லாதிருந்தது தற்செயல். குறை இருந்தாலும் இதையே எழுதியிருப்பேன். அங்ஙனமாயின் நான் எழுதியது சாட்சியாகாது.

இது வெறும் சூத்திர விசாரணையன்று; வியாபாரிகளே கண்டறிந்த விஷயம். ஈபே என்னும் விற்பனைத் தளத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை 1996 முதல் இருந்தது. நான் குறை சொன்னால் அவரும் என்மேல் குறை சொல்வார் என்ற அச்சத்தால் குறைகள் வெளிவரவில்லை. 2008-இல் ஈபே, விற்பவர் வாங்குபவர்மேல் எதிர்மதிப்பு இடும் உரிமையையே எடுத்துவிட்டது. பிரயாணிகளுக்கு வீடு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளமோ 2014-இல், இருவரும் எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் காணாதபடி மறைத்தது. பதில் உபகாரமும் பதில் அபகாரமும் சாட்சியைக் கெடுக்கும் என்பதைக் காசு இழந்து கற்றுக்கொண்டனர்.

சட்டமும் இவ்வழியே வந்துகொண்டிருக்கின்றது. 2020-ஆம் ஆண்டின் இந்திய மின்வணிக விதிகள், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அது கட்டாயமாக அன்றி விருப்பத்தின்பேரில் ஏற்கப்படுவதாகவே வந்தது. அமெரிக்காவில் போலி மதிப்புரையைத் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2015-இல், அமேசான் கம்பெனி ஃபைவர் தளத்தில் மதிப்புரை விற்ற 1,114 பேர்மீது வழக்குத் தொடுத்திருந்தது. ஆயினும் ஸ்ரீராமபுரத்து இளைஞர் இருவரைத் தேடிச் சட்டம் வரப்போவதில்லை. தளம் கண்டுபிடித்துக் கணக்கை முடக்குவதே மிகுதி. அச்சத்தால் காக்கும் சீலம் அச்சம் நீங்கியவுடன் நீங்கிவிடுமாதலால், நாம் இதனை அதிகம் பேசவில்லை.

போகிறபோக்கில் ஓர் எச்சரிக்கை. உணவு விடுதிகளுக்கும் கடைகளுக்கும் ஐந்து நட்சத்திரம் இட்டால் ஒவ்வொன்றுக்கும் காசு என்று டெலிகிராமில் அழைக்கும் ‘பகுதிநேர வேலை’, மோசக்காரர் விரிக்கும் வலை. முதலில் சிறு தொகை உண்மையாகவே வரும். நம்பிக்கை பிடித்தபின் முன்பணம் கட்டச் சொல்வார்கள். பெங்களூரில் படித்தவர்களே இதில் சேமிப்பை இழந்திருக்கின்றனர். பொய்ச்சாட்சி எழுதக் கூசாதவன் என்று அறிந்தே அவனை அவர்கள் தேர்ந்துகொள்கின்றனர் போலும்.

மாமனும் சித்தப்பனும் இல்லாதவர் நாம் என்ற வாதத்திற்கு இன்னும் விடை கூறவில்லை. அதுவே இப்பாடத்தின் உயிர்நிலை. ஏர்பிஎன்பி தளத்தில் கூய், லீ, ஜாங் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர் செய்த சோதனை 2020-இல் வெளியாயிற்று. கறுப்பினத்தவர் பெயரென்று தோன்றும் பெயரில் அறை கேட்டால், வெள்ளையர் பெயருக்குக் கிடைத்ததைவிடச் சம்மதம் நூற்றுக்கு 19 அளவு குறைந்தது. பெயர் ஒன்றே செய்த வேலை அது. நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பெயரின்கீழ் ஒரேயொரு நல்ல மதிப்புரை இருந்தபோது அந்த வேற்றுமை கண்ணுக்குப் புலப்படாத அளவிற்கு மறைந்தது. பெயரையும் பிறப்பையும் பார்த்துக் கதவடைப்பவரையும், முன்பின் அறியாத ஒருவர் எழுதிய சில வரிகள் திறக்கச் செய்தன.

ஆகவே, சிபாரிசுக்கு மாமன் உள்ளவனுக்கு மதிப்புரை ஓர் அலங்காரம். நம் பிள்ளைகளுக்கோ அது கைத்தடி. மதிப்புரைகள் யாவும் கைமாற்றுப் புகழே என்று உலகம் முடிவு கட்டிவிட்டால், வேலை கொடுப்பவர் மீண்டும் பழைய அடையாளங்களைத் தேடுவார்: எந்தக் கல்லூரி, எந்தத் தெரு, யாருடைய மகன். அந்தக் கேள்விகளுக்கு நம் பிள்ளைகள் சொல்லும் விடை எவ்வாறு வரவேற்கப்படும் என்பதை நாம் அறிவோம். தண்டு பங்களாவின் வாயிலில் நின்ற ஆயாவுக்கு நேர்ந்தது நம் பிள்ளைகளுக்கு நேரும். அதை நேரச் செய்பவர்களும் நாமேயாக இருத்தல் வேண்டா.

அப்படியாயின் எழுதாமலே இருந்துவிடலாமா? அங்குத்தர நிகாயத்தில் போதலியர் என்னும் பரிவிராஜகர், யாரையும் புகழாமலும் இகழாமலும் இருப்பவனே சிறந்தவன் என்று கூறினார். பகவான் அதை ஏற்கவில்லை. இகழத்தக்கதை உண்மையாகவும் காலமறிந்தும் இகழ்ந்து, புகழத்தக்கதை உண்மையாகவும் காலமறிந்தும் புகழ்பவனையே மேலானவன் என்றார். வேலை வாங்கிக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் போகின்றவர்களுக்கு இது நல்ல பாடம். வாய்மூடி இருப்பது நடுநிலையன்று.

புதியவருக்கு யாம் சொல்லக்கூடியது இது. பழகிய ஒருவர் மெய்யாகவே வேலை கொடுத்து, மெய்யான கூலியும் கொடுத்திருந்தால், தளத்தின் விதி இடங்கொடுக்கும் இடத்தில் அவர் எழுதலாம். ஆனால் தாம் பழகியவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லவேண்டும், பதிலுக்கு எழுதுதல் என்ற பேச்சே கூடாது. விதி தடுக்குமானால் விட்டுவிடுக. மாதிரி வேலைகளை மாதிரி என்றே குறித்துக் காட்டுக. முதல் சில வேலைகளுக்கு, புதியவன் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கூலியைக் குறைத்துக் கேட்பதில் இழிவில்லை. நண்பர் மதிப்புரை கேட்டு நெருக்கினால், “உன் வேலையைக் காட்டு, குறை நிறை இரண்டையும் உனக்கே எழுதித் தருகின்றேன், தளத்தில் எழுத என்னால் ஆகாது” என்று பதில் அனுப்பலாம். நட்பு அதனால் முறிவது அரிது. முன்னமே மாற்றிக்கொண்டவை இருந்தால், தாம் பிறருக்கு எழுதியதை நீக்குவதே முதற்படி. தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை நீக்குமாறு கேட்பது அடுத்தது.

ஆனால் புதியவரிடம் மட்டும் சீலத்தைச் சொல்லிவிட்டு நாம் எழுந்துபோவது நியாயமன்று. பாலைஸ் அம்மையார் செய்ததை நம்மில் தொழில் நிலைத்தவர் செய்யலாம். சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவருக்கு விலைப்பட்டியல் அச்சிட வேண்டியிருக்கும். அச்சகம் நடத்துபவருக்குப் பிழைதிருத்த வேண்டியிருக்கும். கணக்கரிடம் பழைய கணக்குகள் குவிந்திருக்கும். ஆண்டுக்கொருமுறை, 10 மணி நேர வேலையொன்றை, இதுவரை நட்சத்திரமில்லாத ஒருவருக்கு உரிய கூலியுடன் தளத்தின் வழியாகவே கொடுங்கள். அறிமுகமானவராயின் அதையும் மறைக்க வேண்டா. முடிவில் எழுதும் மதிப்புரை “அருமை, மிக அருமை” என்றிருந்தால் பயனில்லை. “நாற்பது பக்கம் பிழைதிருத்தினார். சொன்ன தேதிக்கு ஒருநாள் பிந்தியது; முன்னதாகவே தெரிவித்தார். ஒற்றுப் பிழைகளை நன்கு பிடித்தார். எண்களில் இரண்டு தவறு விட்டுப்போயிற்று, சுட்டியவுடன் திருத்தினார். மீண்டும் இவருக்கு வேலை கொடுப்பேன்” என்பதுபோல் எழுதுங்கள். நான்கு நட்சத்திரம் இடுங்கள். ஐந்து இடாததற்காக அந்தப் பிள்ளை முதல்நாள் வருந்தும். காரணத்தை நேரிலே சொல்லிவிடுங்கள்.